நமது கணினிக்கு ஏற்ற அச்சுப்பொறி

(சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)





இந்த மேடையிலே எனக்கு முன் பேசியவர்கள் கல்வி, ஒழுக்கம், தாய்மொழி என்று பெரிய விஷயங்களை எடுத்து விளக்கினார்கள். நானோ கடையிலே விலைக்கு விற்கும் ஒரு பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிறிண்டர் என்று நாம் சொல்லும் அச்சுப்பொறியும், கடதாசியைப் படம்பிடித்துக் கணினிக்குள் அனுப்பும் ஸ்கானரும் எனது பொருள். அவற்றுள்ளும் லினக்ஸ் பூட்டிய கணினியோடு ஒத்து உழைக்கக்கூடியதும், நமது கைக்கு எட்டிய விலையில் உள்ளதுமான ஒன்றை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதே என் பேச்சு. இதிலே என்ன பெரிய காரியம் இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பினால் நமது சனசமூக நிலையத்துக்கு ஒரு நட்டம் வந்தது. ஆகவே என் குற்றத்தை முதலிற் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

நமது நிலையத்தில் உள்ள கணினி, வெளிநாட்டில் வாழும் நம்மூர் உறவினர்கள் அன்போடு வாங்கித் தந்தது. நல்ல யந்திரம், ஆனால் வயது சென்றது. அதிலே விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ற் கொம்பனி முடித்துக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, நமது கணினியைப் போன்ற பழைய யந்திரங்களை ஏற்றுக்கொள்ளாது. புதுக்கணினி வாங்கப் பணமில்லை. எனவே லினக்ஸ் மின்ற் என்பதைப் பூட்டுவோம் என்று நான் நிர்வாக சபைக்குச் சொன்னேன்.

லினக்ஸ் என்பதைப் பெரியோர்களுக்கு இரண்டு வசனத்தில் விளக்கிவிடலாம். கணினிக்குள்ளே மற்றெல்லா வேலைகளையும் நடத்தி வைக்கும் மூல மென்பொருள் அது. 1991இல் பின்லாந்து நாட்டில் லைனஸ் தோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயதுப் பல்கலைக்கழக மாணவர் தொடங்கியது. அதன் உள்ளமைப்பை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விலையும் இல்லை.

அதைப் பூட்டியதும் பழைய கணினி புத்துயிர் பெற்றது. சபையார் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் அச்சிடவும், ஸ்கான் செய்யவும், போட்டோக்கொப்பி எடுக்கவும் வல்ல ஒரு மும்முறைப் பெட்டி வாங்குவதென்று தீர்மானித்தார்கள். “தம்பி, எந்தப் பெட்டியும் சரிவருமோ?” என்று பொருளாளர் ஐயா கேட்டார். “எதுவும் சரிவரும் ஐயா” என்று நான் சொன்னேன். அதுதான் குற்றம்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கடையில், விலை குறைத்துப் போட்டிருந்த ஒன்றை வாங்கினோம். பண்ணையால் பஸ்ஸேறி, குறிகட்டுவானில் இறங்கி, உப்புத் தண்ணீர் படாமல் பொலித்தீன் சுற்றி, வள்ளத்தில் மடியில் வைத்தே நெடுந்தீவுக்குக் கொண்டுவந்தேன். இணைத்துப் பார்த்தால், தாளிலே பொருளற்ற குறிகள் பக்கம் பக்கமாய் வந்து விழுந்தன. ஸ்கானர் இருப்பதாகவே கணினிக்குத் தெரியவில்லை. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். “விண்டோஸில் வேலை செய்யும், திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்க இயலாது” என்றார். அவரிலே பிழையில்லை. நான் கேட்காததை அவர் எப்படிச் சொல்வார்?

அந்தப் பெட்டி மூன்று மாதம் துணி போர்த்தபடி கிடந்தது. அந்த நாட்களில் ஓர் ஆச்சி, ஓய்வூதியக் காரியமாக ஒரே ஒரு படிவத்தை அச்செடுக்க வேண்டி நிலையத்துக்கு வந்து, முடியாதென்று அறிந்து, மறுநாட் காலை வள்ளமேறிப் பட்டணம் போனார். ஒரு தாளுக்காக ஒரு பகற்பொழுதும் பயணக் காசும் போயின. என் மனத்தைச் சுட்டது அதுதான். பொருளாளர் ஐயா என்னைக் கோபிக்கவில்லை. “காசு போனது போகட்டும் தம்பி, ஏன் போனதென்று படித்து, மற்றவைக்கும் சொல்லும்” என்றார். அவருடைய கட்டளைப்படியே இன்று நிற்கிறேன்.

ஏன் அப்படி நடந்தது? அச்சுப்பொறிகள் இரு வகை. வீட்டின் வரைபடத்தைக் கையிற் கொடுத்தால் தாமே சுவரெழுப்பும் மேசனைப் போன்றவை ஒரு வகை. போஸ்ற்ஸ்கிறிப்ற், பி.சி.எல். முதலிய பொது மொழிகளை அவை விளங்கிக்கொள்ளும். எந்தக் கணினி அந்த மொழியிற் பேசினாலும் வேலை நடக்கும். மற்ற வகை, இந்தக் கல்லை இங்கே வை, அந்தக் கல்லை அங்கே வை என்று கணமும் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லவேண்டியவை. அப்படிச் சொல்லிக் கொடுப்பதற்குக் கணினிக்குள்ளே ஒரு மென்பொருள் வேண்டும். அதனை ‘டிறைவர்’ என்பார்கள். பெட்டியின் விலையைக் குறைப்பதற்காக அதன் அறிவைக் கணினிக்கு மாற்றிவிட்டு, அந்த டிறைவரை விண்டோஸுக்கு மட்டும் எழுதி, பெட்டி பேசும் மொழியை இரகசியமாக வைத்துக்கொண்டால், லினக்ஸ் என்ன செய்யும்? வண்டி இருக்கிறது, சாரதி இல்லை. நான் வாங்கியது அத்தகைய வண்டி.

இந்த இடர் நமக்கு மட்டும் வந்ததன்று. யாவருக்கும் பொதுவான மென்பொருள் என்னும் இயக்கமே ஓர் அச்சுப்பொறியினால் உண்டான சினத்தில் முளைத்ததென்றால் வியப்பாயிருக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.ரி. என்னும் கல்விநிலையத்தின் ஆய்வுகூடம் ஒன்றுக்கு, 1980ஆம் ஆண்டளவில், செறொக்ஸ் கொம்பனி ஒரு லேசர் அச்சுப்பொறியை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதிலே அடிக்கடி தாள் சிக்கும். முன்னிருந்த பொறியிலே, தாள் சிக்கினால் உரியவர்களுக்குக் கணினி வழியே அறிவிக்கும்படி றிச்சட் ஸ்ரோல்மன் என்பவர் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதிலும் அவ்வாறு செய்ய நினைத்தபோது மென்பொருளின் மூலம் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் சென்று கேட்டார். எவருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என அவர் மறுத்துவிட்டார். கைக்குள் இருக்கும் பொருளைத் திருத்த முடியாத அந்த நிலை ஸ்ரோல்மனை வருத்தியது. 1983இல் குனு என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். அத்திட்டத்தின் கருவிகளும் தோர்வால்ட்ஸ் எழுதியதும் சேர்ந்ததையே இன்று லினக்ஸ் என்கிறோம்.

நம் யாழ்ப்பாணத்து அச்சுக்கலையின் கதையும் இதற்கு வெகு தூரமானதன்று. நான் ஒரு மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கே இந்த வரலாற்றை அறிந்தேன். 1820இல் அமெரிக்க மிஷன் தனது அச்சுக்கூடத்தை நடத்துவதற்காகக் கரற் என்ற அச்சாளரை இங்கே அனுப்பியது. அன்றைய ஆங்கில அரசாங்கம் அனுமதி மறுத்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. கருவி இருந்தும் அனுமதி இல்லை. 1834இலேதான் மானிப்பாயில் அந்த மிஷனின் அச்சுக்கூடம் தொழில் தொடங்கியது. மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர் அவர்கள், அச்சின் வலிமையை அருகிருந்து கண்டவர். தாம் வேண்டிய நூல்களைத் தாமே பதிப்பிக்க வேண்டுமென்று 1849இல் சென்னை சென்று அச்சுயந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். நமது காரியம் மிகச் சிறியது. ஆயினும் கருவி நம் கைக்கு அடங்கியதாய் இருத்தல் வேண்டும் என்ற பாடம் ஒன்றே.

இனி, கடைக்குப் போகும்போது செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது: புதுப்பெட்டி வாங்குவதானால் அதன் மேல் ‘எயார்பிறின்ற்’ அல்லது ‘மொப்பிறியா’ என்ற அடையாளம் உண்டோ என்று பாருங்கள். முன்னையது அப்பிள் கொம்பனி 2010இல் கொண்டுவந்தது. பின்னையது பல கொம்பனிகள் சேர்ந்து 2013இல் அமைத்த கூட்டமைப்பினுடையது. கைத்தொலைபேசியிலிருந்து தனி டிறைவர் இல்லாமலே அச்சிட வழிசெய்யும் பொது முறைகள் இவை. லினக்ஸிலே அச்சு வேலையை நடத்தும் ‘கப்ஸ்’ என்னும் மென்பொருளும் இந்தப் பொது முறையை அறியும். ஆதலால் இந்த அடையாளம் உள்ள பெட்டி பெரும்பாலும் லினக்ஸிலும் இணைத்தவுடனே வேலை செய்யும். கொம்பனியின் சொந்தச் செயலியை இறக்கினால்தான் தொலைபேசியில் அச்சிடலாம் என்று கடைக்காரர் சொன்னால், அது வேறு சங்கதி. அதை நம்பி வாங்க வேண்டாம்.

இரண்டாவது: பாவித்த லேசர் பொறி வாங்குவதானால், அது போஸ்ற்ஸ்கிறிப்ற் அல்லது பி.சி.எல். அறிந்ததோ என்று கேளுங்கள். பழைய கந்தோர்ப் பொறிகள் பல அறிந்தவை. நம் கடைகளில் அதிகம் காணப்படும் இரண்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கனன் எல்.பி.பி. 2900 என்பது கப்ற் என்ற தன் சொந்த மொழியையே பேசுவது. அதற்கு லினக்ஸ் டிறைவர் உண்டெனினும் பழையது, இன்றைய கணினியிலே பூட்டுவது பெரும்பாடு. எச்.பி. லேசர்ஜெற் 1020 என்பது நிறுத்தும்போதெல்லாம் தன் உள்மென்பொருளை மறந்துவிடும். மறுபடி போடும்போது கணினி அதை ஊட்ட வேண்டும். லினக்ஸிலே இதற்கு வழியுண்டு. ஆனால் இன்ரநெற்றிலிருந்து ஒரு துணைக்கோப்பை இறக்கிக்கொள்ளவேண்டும். இவை கெட்ட பொறிகள் அல்ல. விண்டோஸிலே ஆண்டுக்கணக்காக உழைப்பவை. நமது வீட்டுக்கு ஏற்ற மாடு எது என்பதே கேள்வி.

மூன்றாவது: பெயரை மட்டும் பார்க்காது இலக்கத்தையும் பாருங்கள். எச்.பி. கொம்பனி தன் பொறிகளுக்கென ‘எச்.பி.லிப்’ என்ற லினக்ஸ் மென்பொருளைத் தானே வெளியிட்டு, எந்தப் பொறிக்குத் துணைக்கோப்பு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பட்டியலும் கொடுத்திருக்கிறது. எப்சன் மைத்தாங்கிப் பொறிகள் பலவற்றுக்குத் திறந்த மூல டிறைவர் உண்டு. பிறதர் கொம்பனியின் கறுப்பு வெள்ளை லேசர் பொறிகள் பலவற்றுக்குக் கொம்பனி தந்ததும் உண்டு. தொண்டர்கள் எழுதியதும் உண்டு. எனினும் ஒரே பெயரில், ஈற்றெழுத்து ஒன்று மாறினால், உள்ளே வேறு யந்திரம் இருக்கக்கூடும். இலக்கத்தை முழுமையாகத் தாளில் எழுதி, வீட்டுக்கு வந்து பட்டியலிலே தேடிய பின் பணத்தைக் கொடுங்கள்.

நான்காவது: ஆழம் அறியாமற் காலை விடாதீர்கள். ஒரு பென்டிறைவில் லினக்ஸை ஏற்றி, மடிக்கணினியை அதிலிருந்தே இயக்கலாம். கணினியின் உள்ளே இருப்பது எதுவும் மாறாது. அதைக் கடைக்கே கொண்டு செல்லுங்கள். ஒரு தமிழ்ப் பக்கத்தை அச்சிடுங்கள். ஒரு தாளை ஸ்கான் செய்யுங்கள். பிறகு பொறியின் மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் போட்டு, இன்னொரு பக்கம் அச்சிடுங்கள். மறதிக்காரப் பொறி அப்போது அகப்படும். பாவித்த சாமான் விற்கும் கடைகளில் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது.

ஐந்தாவது: யானையை வாங்கினவன் அங்குசத்துக்கும் காசு வைத்திருக்க வேண்டும். மலிவான மைப்பொறியிலே, பெட்டியின் விலை குறைவு. மைக் கார்ட்றிட்ஜின் விலையோ பெரிது. கார்ட்றிட்ஜின் விலையை, அது அச்சிடும் பக்கங்களின் தொகையாற் பிரித்துப் பாருங்கள். புதுப்பொறியோடு வரும் ரோனர் பெரும்பாலும் அரைகுறையாக நிரப்பியது என்பதையும் மறவாதீர்கள்.

தீவிலே வாழ்பவர்கள் பட்டணத்தார் எண்ணாத வேறு சிலவற்றையும் எண்ணவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நிலப்பரப்பின் மின்வலையோடு இணையாமல் தம் மின்சாரத்தைத் தாமே பிறப்பித்து வந்தவை. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. எப்படியாயினும் சிறு இன்வேட்டரை நம்பியிருப்பவர்கள் கவனிக்க: லேசர் பொறி தன் உருளையைச் சூடேற்றும்போது பல நூறு வாற் மின்சாரத்தை ஒரே இழுவையில் இழுக்கும். மைப்பொறிக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். ஆனால் மைப்பொறியை வாரக்கணக்காகச் சும்மா வைத்தால் அதன் நுண்துளைகள் காய்ந்து அடைத்துவிடும். லேசரின் ரோனரோ உலர்ந்த தூள். மாதங்கள் கிடந்தாலும் கெடாது. இன்னொன்று: சாதாரண நிற மையில் அச்சிட்ட தாளிலே கடற்றுமி பட்டால் எழுத்துக் கரையும், லேசர் எழுத்துக் கரையாது. வள்ளத்திலே கச்சேரிக்குக் கொண்டுபோகும் பத்திரத்துக்கு இது சிறு விஷயமன்று. உப்புக்காற்றுக்கு எந்தப் பொறிக்கும் உறை வேண்டும். தாட்கட்டை ஈரம் பிடியாமற் பெட்டியில் மூடி வைக்கவேண்டும்.

ஸ்கானரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸிலே ஸ்கானர்களை இயக்கும் மென்பொருளுக்குச் ‘சேன்’ என்று பெயர். எந்தப் பொறி முழுமையாக வேலை செய்யும், எது நன்றாக, எது ஓரளவு, எது முற்றாக இல்லை என்று அவர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். கனன் லைட் 300, 400 என்பன அதிலே இடம்பெற்றவை, தட்டையானவை, வேறு மின்சாரம் வேண்டாதவை. கணினியின் யூ.எஸ்.பி. வாயிலிருந்து கிடைக்கும் சிறு மின்சாரமே அவற்றுக்குப் போதும். நம் தீவுக்கு இது பெரும் வசதி. ஆனால் அவற்றின் கண்ணுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியோடு ஒட்டிய தாளைத் தெளிவாகக் காணும். தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு மேலெழுந்து நின்றால் மங்கலாகவே காணும். பழைய கட்டுப் புத்தகங்களையும் ஏடுகளையும் அதில் அழுத்தி உடைக்காமல், நல்ல வெளிச்சத்திலே கமராவாற் படமெடுப்பதே முறை. எழுத்துத் தாள்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதுமானது. 600 வைத்தால் கோப்பு நான்கு மடங்கு பெருக்கும்.

அன்பர்களே, ஸ்கானர் நமக்கு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. ஒரே பிரதியாக இருந்தவை திரும்பி வரவேயில்லை. 2005இலே தொடங்கிய ‘நூலகம்’ என்ற முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் ஸ்கான் செய்து, உலகத்தில் எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. நமது நிலையத்து அலுமாரியைத் திறந்து பாருங்கள். பழைய கூட்டக் குறிப்புகள், விழா மலர்கள், இடம்பெயர்ந்து போனவர்களின் கையெழுத்துள்ள வரவேடுகள் ஆகியவற்றை நெருப்பு எரிக்கவில்லை, பூச்சி அரிக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டகங்களிலே காணி உறுதிகள் மடிப்பு மடிப்பாய்க் கிழிகின்றன. ஸ்கான் செய்த பிரதி மூல உறுதிக்குச் சமானமாகாது என்பது உண்மையே. ஆனால் உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் தெரிந்தால், காணிக் கந்தோரிலே தேடுவதற்கு ஒரு வழியாவது இருக்கும்.

எங்கள் கதையின் மிச்சத்தையும் கேளுங்கள். வேலைசெய்யாத பெட்டியை விண்டோஸ் வைத்திருக்கும் ஓர் அன்பர் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தக் காசோடு சிறிது சேர்த்துப் பாவித்த லேசர் பொறி ஒன்றும், தட்டை ஸ்கானர் ஒன்றும் வாங்கினோம். இம்முறை பென்டிறைவோடு போய், கடையிலேயே மூன்று பக்கம் அச்சிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தேன். வந்த மறுநாள், முன்பு பட்டணம் போன ஆச்சியின் வீட்டுக்குப் போய், “இனி இங்கேயே எடுக்கலாம் ஆச்சி” என்று சொன்னேன். “முந்தியே இதைச் செய்திருக்கலாமே மோனே” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

எல்லாம் நிறைவாகிவிட்டதென்று சொல்லமாட்டேன். பழைய மலர்களை ஸ்கான் செய்து, டெசறக்ற் என்னும் இலவச மென்பொருளால் எழுத்தாக மாற்றப் பார்க்கிறோம்; பழைய முறையிலே கொம்பு போட்ட ‘ணை’, ‘லை’ எழுத்துக்களில் அது தடுமாறுகிறது. கையால் திருத்த ஆட்கள் வேண்டும். இளைஞர்களை நான் கேட்பது இதுதான்: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு வாருங்கள். நீங்கள் எந்தப் பொறியைப் பாவிக்கிறீர்கள், அது லினக்ஸில் வேலை செய்கிறதா என்பதை அங்குள்ள கொப்பியிலே எழுதி வையுங்கள். ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ இன்னொரு நிலையம் பெட்டி வாங்கப் புறப்படும்போது, நான் செய்த பிழையை அவர்களும் செய்யாதிருக்க அது உதவும்.

பெரியோர்களைக் கேட்பது ஒன்றே. வீட்டிலே பழைய மலரோ நோட்டீசோ கடிதமோ இருந்தால் எரித்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எங்களிடம் தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம்.